ஷாட்டைத் திட்டாதீர்கள், ஷாட்டுக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள்

கேள்வி: நான் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவி. பருவம் தொடங்கி மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. முதல் ஆட்டத்தில் 38–61 என்று தோற்றோம். இரண்டாவது 44–47, கடைசி நிமிடத்தில் கைநழுவிப் போனது. மூன்றாவதில் 52–40 என்று ஜெயித்தோம், ஆனால் எதிரணி எங்களைவிடப் புதுசு. போன வருடம் ஆடிய இரண்டு சீனியர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அதில் ஒருவர்தான் பந்தை முன்னால் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டு. இப்போது ஷாட் விழுவதே இல்லை. வாரம் மூன்று நாள் பயிற்சியை ஐந்து நாளாக்கி, தினமும் ஆளுக்கு 300 ஷாட் போட வைக்கலாம் என்று நினைக்கிறோம். ஆளுக்கு ஆள் தடுக்கும் மேன்-டு-மேனை விட்டுவிட்டு, மேலே இருவர் கீழே மூவர் என்று இடம் பிரித்துக் காக்கும் 2–3 ஜோனுக்கு மாறலாமா என்றும் பேச்சு. இருவருக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே வலி. முதல் இரண்டு ஆட்டத்தின் கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
— அணித் தலைவி, தெம்பனிஸ்

பதில்: ஐந்து நாள் வேண்டாம். 300 ஷாட்டும் இப்போதைக்கு வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது.

முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 48 ஷாட் போட்டு 15 விழுந்திருக்கிறது. அதில் மூன்று புள்ளி எறிதல் 14க்கு 2. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 14க்கு 6. விழாமல் திரும்பிய பந்தை எதிரணிக் கூடையடியில் நீங்களே பிடித்த ரீபவுண்ட் 9. டர்ன்ஓவர், அதாவது ஷாட் போடாமலேயே பந்தை எதிரணியிடம் இழந்தது, 31. 48க்கு 15 என்றதும் கண் அங்கேயே நின்றுவிடும்; 31 விழுக்காடுதானே, ஷாட்தான் மோசம் என்று முடிவு கட்டிவிடுவோம். அதற்கு முன் பந்து எத்தனை முறை உங்கள் கைக்கு வந்தது என்று கணக்குப் போடுங்கள். போட்ட ஷாட்டில் இருந்து, எதிரணிக் கூடையடியில் பிடித்த ரீபவுண்டைக் கழியுங்கள். டர்ன்ஓவரைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வருகிறது, ஆனால் கூடை விழுந்த பிறகு போனஸாக ஒன்று மட்டும் கிடைப்பதும் உண்டு. அதனால்தான் பாதிக்குச் சற்றுக் குறைவாக 0.44. உங்களுக்கு 48 − 9 + 31 + 6, ஆக 76 வாய்ப்பு.

76ல் 31, ஷாட் போடாமலேயே போயிருக்கிறது. பத்துக்கு நான்கு! மீதி 45 வாய்ப்பில் 38 புள்ளி எடுத்திருக்கிறீர்கள், வாய்ப்புக்கு 0.84. இது பிரமாதம் இல்லை. ஆனால் டர்ன்ஓவர் 31ல் இருந்து 20க்கு இறங்கியிருந்தால், அதே சுமாரான எறிதலோடு கூடுதலாக 9 புள்ளி கிடைத்திருக்கும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாளின் ஓரத்தில் உங்கள் மேலாளர் குறித்திருப்பதைப் பார்த்தால், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய எதிரணி, கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் லேஅப் 8 போட்டிருக்கிறது. அது 16 புள்ளி. 23 புள்ளித் தோல்வியின் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே அடங்கிவிடுகிறது. தினம் 300 ஷாட் போட்டுப் பழகினாலும், ஷாட் போடும் இடம்வரை பந்து வந்து சேராவிட்டால் என்ன பயன்?

அந்த 31ஐ உங்கள் மேலாளர் வகை பிரித்து எழுதியது நல்ல வேலை. அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். எதிரணி பிரெஸ் போட்டபோது, அதாவது முழுக் களத்திலும் நெருக்கித் தடுத்தபோது, 11. ஜோனுக்கு எதிரே மேல்வரிசையில் பக்கவாட்டில் எறிந்த பாஸ் 8. பந்தைத் தட்டாமல் கால் நகர்த்திய டிராவலிங் 5. மூன்று வினாடி விதிமீறலும் தாக்குதல் ஃபவுலும் சேர்ந்து 4. வெளியில் இருந்து பந்தை உள்ளே போட 5 வினாடி தாண்டியது 3.

பிரெஸ்ஸில் இருந்து தொடங்குங்கள். பாயிண்ட் கார்டு போன அணியை முதல் ஆட்டங்களில் எல்லாரும் அங்கேதான் சோதிப்பார்கள். எதிரணி கூடை போட்டவுடன் பந்தை உள்ளே போடுபவர் கூடைப் பலகைக்கு நேர் பின்னால் நிற்கிறார் என்றால், அதுவே முதல் தவறு. பலகையும் வளையமும் நீளப் பாஸுக்குக் குறுக்கே வரும். ஓர் எட்டு பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். எதிரணி கூடை போட்ட பிறகு அவர் கடைக்கோட்டின் பின்னால் ஓடி இடம் மாறலாம். ஃபவுலுக்கோ பந்து வெளியே போனதற்கோ பிறகு அப்படி ஓட முடியாது. புதுமுகங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எது எப்போது என்பதை நடுவர் விசில் சொல்லித் தருவதற்கு முன் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பந்து வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றே: வாங்கு, திரும்பு, பார். பந்தைத் தட்டிக்கொண்டு போகும் டிரிபிள் அதற்குப் பிறகுதான். பதற்றத்தில் நடப்பது நேர்மாறு. முதுகைக் காட்டியபடியே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓரக்கோட்டுக்கு ஓடுவார்கள். எதிரணி எதிர்பார்த்துக் காத்திருப்பதும் அதைத்தான், ஏனென்றால் ஓரக்கோடு அவர்களுக்குச் சம்பளம் வாங்காத மூன்றாவது தடுப்பாட்டக்காரர். இருப்பதிலேயே மோசமான இடம், நடுக்கோட்டைத் தாண்டியவுடன் வரும் ஓர மூலை. அங்கே மாட்டினால் ஒரு பக்கம் ஓரக்கோடு, பின்னால் நடுக்கோடு. பின்னுக்குப் பாஸ் கொடுத்தால் அதுவும் விதிமீறல். இரண்டு பேர் வந்து மூடிவிட்டால் டைம்அவுட் கேட்டும் தப்ப முடியாது, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அது கிடைக்காது.

திரும்பிப் பார்ப்பவருக்கு எப்போதும் மூன்று வாசல் திறந்திருக்க வேண்டும்: நடுவில் ஒருவர், அதே ஓரத்தில் முன்னால் ஒருவர், பின்னால் சற்றுக் குறுக்காக ஒருவர். பின்னால் நிற்பவர் வேறு யாருமில்லை, பந்தை உள்ளே போட்டவர்தான். போட்டுவிட்டு அவர் எல்லோரோடும் முன்னால் ஓடிவிடுவது உங்கள் தாளில் நான்கு முறை குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பந்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். நடுவில் வந்து வாங்குவதற்குக் குட்டையான கார்டைப் போடாதீர்கள்; கை நம்பகமான உயரமான பெண்ணைப் போடுங்கள். அவருக்கு ஒரு கட்டுப்பாடு: வாங்கியதும் திரும்பிப் பாஸ், டிரிபிள் கிடையாது. பின்களத்தை, அதாவது நீங்கள் காக்கும் கூடை இருக்கும் பாதியை, தாண்ட 8 வினாடி இருக்கிறது. மூன்று நல்ல பாஸ் 5 வினாடியில் நடுக்கோட்டைக் கடந்துவிடும், அவசரப்பட ஒன்றுமில்லை.

பயிற்சியில் இதற்கு 15 நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும். முதல் 4 நிமிடம் தடுப்பவர் இல்லாமல் நடந்தே இடங்களைப் பழகுங்கள். அடுத்து ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரைத் தடுக்க விடுங்கள், டிரிபிள் தடை, 8 வினாடி கடிகாரம், பத்து முயற்சி. முதல் நாள் மூன்றுகூடத் தேறாது, எரிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள். பத்துக்கு ஏழு வரும்வரை அங்கேயே நில்லுங்கள். ஏழு பேர் அடைத்துப் பழகிய கண்ணுக்கு ஆட்டத்தில் ஐந்து பேர் அடைக்கும்போது இடைவெளி பெரிதாகத் தெரியும். கடைசி ஐந்து நிமிடம் ஐந்துக்கு ஐந்து, டிரிபிளோடு.

காற்பகுதி வாரியாக முதல் ஆட்டம் 12–13, 10–15, 9–14, 7–19. 31 டர்ன்ஓவரில் 12 கடைசிக் காற்பகுதியில். உங்கள் புதிய பாயிண்ட் கார்டு 40 நிமிடத்தில் 38 நிமிடம் ஆடியிருக்கிறார். குளிர்சாதனம் இல்லாத அரங்கில், நம்மூர் ஈரக் காற்றில், பிரெஸ்ஸை எதிர்த்து 38 நிமிடம்! அவர் கையில் இருந்து பந்து போனதில் வியப்பில்லை. மாற்று ஆள் பலவீனம், அதனால் வெளியே எடுக்க முடியவில்லை என்பீர்கள். இடைவேளையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் காற்பகுதியின் கடைசி 2 நிமிடமும் இரண்டாவதின் முதல் 2 நிமிடமும் அவர் உட்காரட்டும். நடுவே 2 நிமிட இடைவெளி. கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் அவருக்குக் குறைந்தது 6 நிமிட ஓய்வு. உங்களுக்குச் செலவு 4 ஆட்ட நிமிடம்தான். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவிலும் இதையே செய்யுங்கள். அந்த நேரத்தில் பந்தைக் கொண்டுவர இரண்டாவது ஆளை இப்போதே குறித்து, பிரெஸ் பயிற்சியில் பாதி முயற்சி அவர் கையில் நடக்கட்டும்.

ஜோனுக்கு எதிரான 8 பாஸுக்கு வருவோம். 2–3 ஜோனில் மேலே இரண்டு பேர் நிற்கிறார்கள். நீங்களும் மேலே இரண்டு கார்டை நிறுத்தி, ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் எறிந்துகொண்டே இருக்கிறீர்கள். அந்தப் பாஸ் அவர்களுடைய கைக்கு நேராகப் போகிறது. மேலே ஒருவரை மட்டும் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொருவர், ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவர், கடைக்கோட்டருகே ஒருவர் என்று 1–3–1ஆக நில்லுங்கள். மேலே உள்ள அவர்கள் இருவரும் இப்போது மூன்று பேரைப் பார்க்க வேண்டும். பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்பவரிடம் சேர்ந்தால் அவர்களுடைய நடு ஆள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் கூடைக்குப் பக்கத்தில் கடைக்கோட்டில் நிற்பவர் தனியாள். ஃப்ரீ த்ரோ கோடே, மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத கூடையடித் தடைப்பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். கோட்டை மிதித்துக்கொண்டு அதற்கு மேல் நின்றாலும் விசில்தான். பாதத்தைக் கோட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.

டிராவலிங் ஐந்தும் ஒரே வகை என்று குறித்திருக்கிறீர்கள்: நின்ற இடத்தில் வாங்கி, புறப்படும்போது. ஓடிக்கொண்டே பந்தைக் கையில் எடுப்பவருக்கு அதன் பிறகு இரண்டு எட்டு உண்டு. நின்றிருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஊன்றிய கால் தரையை விட்டுக் கிளம்பும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். முதல் தட்டு காலுக்கு முன்னால், தள்ளி விழட்டும். பயிற்சிக்கு முன் ஆளுக்கு இருபது முறை, வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. இரண்டு வாரத்தில் போய்விடும்.

இரண்டாவது ஆட்டம் வேறு மாதிரி. டர்ன்ஓவர் 22 என்று குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஃப்ரீ த்ரோ 21க்கு 8. பாதிக்கு மேல், ஒரு 12 விழுந்திருந்தால் நீங்கள் ஜெயித்த ஆட்டம் அது. ஷாட் பயிற்சிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவதென்றால் இங்கே ஒதுக்குங்கள். வரிசையாக ஐம்பது போடுவது பழக்கமே ஆகாது, ஏனென்றால் ஆட்டத்தில் அப்படி ஒன்று வருவதே இல்லை. மூச்சு வாங்க ஓடி முடித்த கையோடு இரண்டே இரண்டு போட்டுவிட்டு அடுத்த பயிற்சிக்கு ஓட வேண்டும். ஒரு பயிற்சியில் இப்படி ஆறு தடவை, ஆளுக்கு 12 எறிதல். ஒவ்வொருவருடையதையும் எழுதி வையுங்கள். பந்தைக் கையில் வாங்கியதும் 5 வினாடி இருக்கிறது. எத்தனை முறை தட்டுவது, எப்போது மூச்சு விடுவது என்பது எல்லா முறையும் ஒன்றாக இருக்கட்டும். பெஞ்சில் ஒரு காய்ந்த துண்டு எப்போதும் இருக்க வேண்டும். வியர்த்த உள்ளங்கையில் ஆறாம் எண் பந்து சோப்புக் கட்டி போலத்தான் வழுக்கும்.

அந்தக் கடைசி நிமிடத்தைச் சொல்லாமல் விட முடியாது. 44–45, இன்னும் 38 வினாடி, பந்து எதிரணியிடம். உங்கள் பெண் ஒருவர் உடனே ஃபவுல் செய்தார். அந்தக் காற்பகுதியில் உங்கள் அணி நான்கு ஃபவுலை முன்பே தாண்டியிருந்ததால் இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் விழுந்து 44–47. அந்த ஃபவுலுக்கு அவசியமே இல்லை. எதிரணி ஷாட் போட 24 வினாடிதான். முழுதும் தின்றாலும் உங்களுக்குக் கிட்டத்தட்ட 14 வினாடி மீதி இருந்திருக்கும், ஒரு புள்ளி பின்தங்கியவர்களுக்கு அது தாராளம். மீதி நேரம் 24 வினாடிக்கும் குறைவாக இருந்து, நீங்கள் பின்தங்கியிருந்தால்தான் ஃபவுல் செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். இதை எழுத்துப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். கத்திச் சொன்னால் அரங்கச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

டைம்அவுட்டையும் சரியாகச் செலவழிக்கவில்லை. இரண்டாம் பாதிக்கு மூன்று உண்டு, ஆனால் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்தீர்கள், ஒன்று வீணாய்ப் போனது. அதை நான்காவது காற்பகுதியின் நடுவிலேயே, எதிரணி தொடர்ந்து ஆறு புள்ளி எடுத்தபோது எடுத்திருக்கலாம். இன்னொன்று: கடைசி 2 நிமிடத்தில், பின்களத்தில் பந்தை உள்ளே போடும் முறை உங்களுடையதாக இருக்கும்போது டைம்அவுட் எடுத்தால், பந்தை முன்களத்தில் இருந்தே உள்ளே போடக் கேட்கலாம். பிரெஸ்ஸைத் தாண்டும் வேலையே மிச்சம். ஆனால் அப்போது ஷாட் கடிகாரத்தில் 14 வினாடிக்கு மேல் தர மாட்டார்கள் என்பதை நினைவில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

ஜோனுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு என் பதில், முழுதாக வேண்டாம். ஜோன் கால்களுக்கு ஓய்வு தரும், உண்மைதான். ஆனால் அதில் யார் யாரை மறித்து ரீபவுண்ட் எடுப்பது என்பது தெளிவாக இருக்காது. சில மாதங்கள் சேர்ந்து ஆடிப் பழகிய அணிக்கே அது தகராறு. பருவத் தொடக்கத்தில் புதியவர்களை ஜோனில் நிறுத்தினால், தன் ஆளைக் காக்கும் பழக்கமே வராமல் போய்விடும். மேன்-டு-மேன் அடிப்படையாக இருக்கட்டும். நீங்கள் ஃப்ரீ த்ரோ போட்டு முடித்த பிறகும், உங்கள் பாயிண்ட் கார்டு உட்கார்ந்திருக்கும் அந்த 4 நிமிடமும் 2–3 போடுங்கள். எதிரணிக்கும் கொஞ்சம் குழப்பம்.

52–40 வெற்றியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் தாளை அனுப்பவில்லை. அதிலும் டர்ன்ஓவரை எண்ணிப் பாருங்கள். 25க்கு மேல் இருந்தால் அந்த வெற்றி எதிரணி தந்தது.

இப்போது நாள் கணக்கு. வாரத்துக்கு மூன்று பயிற்சி, ஒரு ஆட்டம் என்பது படிக்கும் பெண்களுக்குச் சரியான அளவு. ஒரேயடியாக ஐந்து நாள் ஆக்கினால் முதலில் பேசுவது முழங்கால்தான், அது ஏற்கெனவே இரண்டு பேரிடம் பேசத் தொடங்கிவிட்டது. நாளைக் கூட்டாமல் மூன்று நாளையும் மாற்றி அடுக்குங்கள். ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வு, அல்லது அரை மணி நேரம் லேசான ஓட்டமும் ஃப்ரீ த்ரோவும். அதற்கு அடுத்த பயிற்சி கடினமானது: பிரெஸ், ஐந்துக்கு ஐந்து, 90 நிமிடம். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி ஒரு மணி நேரம்தான், குதிப்பைக் குறைத்து, பந்தை உள்ளே போடும் முறையும் கடைசி நிமிடச் சூழலும். ஆட்ட நாளில் வகுப்பில் இருந்து ஓடிவரும் பெண் பபிள் டீயோடு வந்து நிற்பாள். மூன்று மணி நேரம் முன்பு சோறோ மீயோ சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் என்று சொல்லி வையுங்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கடன்.

வலி என்ற அந்த இருவருக்கும் முட்டிச் சில்லுக்குக் கீழே, நரம்பு போலத் தட்டுப்படும் அந்தத் தசைநாணில் விரல் வைத்தால் வலி, குதித்தால் வலி, உடம்பு சூடானதும் குறைந்து ஆட்டம் முடிந்தபின் திரும்புகிறது என்றால், அது குதிப்பவர்களுக்கு வரும் தசைநாண் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முழு ஓய்வு அதற்கு மருந்தில்லை. ஓய்வில் நாண் இன்னும் பலவீனமாகும். பளுவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பத்துக்கு மூன்று அளவு வலி இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஆடலாம். காலையில் படியிறங்கும்போது முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் அன்றைய பயிற்சியில் குதிக்க விடாதீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வது போல 45 வினாடி, 2 நிமிட இடைவெளியில் 5 முறை. பயிற்சிக்கு முன் இதைச் செய்தால் பலருக்கு வலி அடங்கும். பயிற்சி இல்லாத நாளில் வீவக அடுக்குமாடி புளோக் கீழே உள்ள சிமெண்டுத் திடலில் நண்பர்களோடு ஆடுகிறார்களா என்றும் கேளுங்கள். அந்தக் குதிப்பும் கணக்கில் சேரும், அதை யாரும் எண்ணுவதில்லை.

அணி முழுவதற்கும் பயிற்சியின் முதல் 12 நிமிடம்: ஒற்றைக் காலில் சமநிலை, ஸ்குவாட், தொடையின் பின்தசைக்கு வலு, குதித்து இறங்கிப் பழகுதல். இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று கைப்பேசியில் முன்னால் இருந்து படம் எடுத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ கிழிகிறது. எனவே ஆட்டத்தில் யாராவது முழங்காலில் 'டப்' என்று கேட்டதாகச் சொன்னாலோ, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது கால் நழுவுவது போல இருந்தாலோ, முட்டி மடங்காமல் நீளாமல் பூட்டிக்கொண்டாலோ, ஐஸ் வைத்துவிட்டுத் திரும்ப இறக்காதீர்கள். கால் ஊன்ற முடியாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. ஊன்ற முடிந்தால் மறுநாள் பலதுறை மருந்தகம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அதுவரை அவர் பெஞ்சில் உட்கார்ந்து டர்ன்ஓவரை வகை பிரித்து எழுதட்டும்.